ஈரல் நோயாளியின் இரத்தத்தில் கொழுப்புக் குறைவு

இரத்தத்தில் கொலஸ்டிரால் குறைந்திருந்தால் மகிழ்வதும், மிகுந்திருந்தால் அஞ்சுவதும் இக்காலத்தில் படித்தவர், படியாதவர் யாவருக்கும் பொதுவான வழக்கமாகிவிட்டது. மாரடைப்பைக் குறித்து வைத்தியர்கள் பல்லாண்டுகளாகச் செய்துவந்த பிரசாரத்தின் பயன் இது, நல்ல பயனே. ஆயினும், ஒரு நோய்க்காகக் கற்ற பாடத்தை எல்லா நோய்க்கும் பொருத்திப் பார்ப்பதில் அபாயம் உண்டு. ஹெபடைடிஸ் பி என்னும் வைரஸினால் கல்லீரல் கெட்டு, வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளித்துப் படுத்த படுக்கையாயிருக்கும் ஒருவருடைய பரிசோதனைச் சீட்டில், மொத்தக் கொலஸ்டிரால் நூறுக்கும் கீழே இறங்கியிருப்பதைக் கண்டு, 'கொழுப்பாவது கட்டுக்குள் இருக்கிறதே' என்று வீட்டார் ஆறுதல் கொள்வதுண்டு. அந்த ஆறுதலுக்கு ஆதாரமில்லை. அக்குறைந்த எண், கல்லீரல் தன் தொழிலைக் கைவிட்டு வருகிறது என்பதற்கு அடையாளம். அதனோடு, நோயாளியின் உடல் கிருமிகளை எதிர்த்து நிற்கும் வலிமையை இழந்து வருகிறது என்பதற்கும் அதுவே ஓர் எச்சரிக்கையாகும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்திருக்கின்றன என்பதையும், இதை அறியாமையால் நம் வீடுகளில் நேரும் கேட்டையும் இங்கே எடுத்துக் காட்ட விரும்புகிறோம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். கல்லீரலில் கொழுப்புப் படிவது வேறு, இரத்தத்தில் கொழுப்பு ஓடுவது வேறு. உடற்பருமன், சர்க்கரை வியாதி, மது இவற்றால் ஈரலில் கொழுப்புப் படியும் நோயைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. பித்தநீர்க் குழாய் அடைபட்டு வரும் காமாலையும் வேறு. அதில் இரத்தக் கொலஸ்டிரால் குறைவதற்குப் பதிலாக மிகவும் ஏறிவிடும். வைரஸ் பல்லாண்டுகளாக அரித்ததால் ஈரலின் சதை தழும்பேறி, சுருங்கி, கரடுமுரடாகி, வைத்தியர்கள் சிரோசிஸ் என்று அழைக்கும் நிலையடைந்து, அதற்கு மேலும் முற்றிய கட்டத்தையே நாம் குறிப்பிடுகிறோம். நம் முன்னோர் மகோதரம் என்று அஞ்சிய வயிற்று வீக்கம் பெரும்பாலும் இந்நிலையில்தான் தோன்றுகிறது.

கொலஸ்டிரால் ஏதோ எண்ணெயிலும் நெய்யிலும் இருந்து நேரே இரத்தத்தில் வந்து சேரும் அழுக்கு என்று பலர் எண்ணியிருக்கின்றனர். அது சரியன்று. உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் சுவராக அமைவதில் கொலஸ்டிராலுக்குப் பங்கு உண்டு. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் கார்டிசால் என்னும் உயிர்காக்கும் நீரைச் செய்வதற்கு அதுவே மூலப்பொருள். உணவுக் கொழுப்பைச் செரிக்கும் பித்த உப்புக்களும் அதிலிருந்தே உண்டாகின்றன. கொழுப்பு நீரில் கரையாதாகையால், இரத்தத்தில் அது தனியே ஓட இயலாது. ஆகவே கல்லீரல் அதைப் புரதத்தோடு சேர்த்துச் சிறு பொதிகளாகக் கட்டி அனுப்புகிறது. எல்.டி.எல்., எச்.டி.எல். என்று பரிசோதனைச் சீட்டில் காணப்படுபவை இப்பொதிகளின் பெயர்களே. எச்.டி.எல். பொதிக்கு முதுகெலும்பு போன்ற புரதத்தின் பெரும்பகுதியையும் கல்லீரலே செய்கிறது. மிச்சத்தைக் குடல் செய்கிறது.

பொதி கட்டுவதோடு வேலை முடிவதில்லை. எல்.சி.ஏ.டி. என்ற ஒரு நொதியைக் கல்லீரல் இரத்தத்தில் விடுகிறது. அந்நொதிதான் கொலஸ்டிராலைக் கொழுப்பமிலத்தோடு இணைத்து, பொதியின் உள்ளே அடக்கி வைக்கிறது. நல்ல தேகஸ்திதியில் இரத்தக் கொலஸ்டிராலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இவ்விதம் இணைந்த நிலையிலேயே இருக்கும். ஈரல் சோர்ந்தால் நொதி குறையும். இணைந்த பங்கும் குறையும். இணையாத கொலஸ்டிரால் போகுமிடமின்றிச் சிவப்பணுக்களின் தோலில் போய் ஏறிக்கொள்ளும். அப்போது அவ்வணுக்கள் வட்டத் தட்டு வடிவம் கெட்டு, முள் முள்ளாக மாறுகின்றன. வீங்கிக் கிடக்கும் மண்ணீரல் அவற்றைப் பிடித்து அழித்துவிடுகிறது. முற்றிய ஈரல் நோயாளிகள் சிலருக்கு இரத்தசோகை எளிதில் தீராமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வாறாக, தொழிற்சாலை மூடப்படும்போது சந்தையில் சரக்குக் குறைவதைப் போல, கல்லீரல் கெடக் கெட மொத்தக் கொலஸ்டிரால், எல்.டி.எல்., எச்.டி.எல்., டிரைகிளிசரைடு எல்லாம் இறங்கிக்கொண்டே வருகின்றன. நோயின் கடுமையை அளக்க உலகெங்கும் வைத்தியர்கள் கையாளும் சைல்டு-பியூ கணக்கு, 1964-ல் சைல்டும் டர்காட்டும் தொடங்கி, 1973-ல் பியூ திருத்தியமைத்ததாகும். அதில் ஆல்புமின், பிலிருபின், இரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், புத்தித் தடுமாற்றம் என ஐந்து விஷயங்கள் உண்டு, கொலஸ்டிராலுக்கு இடமில்லை. எனினும் அக்கணக்கின்படி நோய் ஒரு படி கடுமையாகும் போதெல்லாம் கொழுப்பு எண்களும் ஒரு படி இறங்குவதைப் பல நாட்டு வைத்தியசாலைகளிலும் கண்டிருக்கின்றனர். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் 2020-ல் வெளியிட்ட ஆய்வு, எச்.டி.எல்.லும் அதன் புரதமும் மிகத் தாழ்ந்திருந்த ஈரல் நோயாளிகளுக்கு மரணம் அண்மையிலிருந்தது என்று காட்டிற்று.

வைரஸுக்கும் கொழுப்புக்கும் உள்ள உறவு இதற்கும் முன்னமேயே தொடங்குகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் எத்தனையோ வகைச் செல்களிருக்க, கல்லீரல் செல்லை மட்டும் தேடிப் புகுவது ஏன் என்பது நெடுங்காலம் விளங்காத மர்மமாயிருந்தது. 2012-ல் பெய்ஜிங்கில் வென்ஹுய் லீ என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் அதை விளக்கினர். இரத்தத்தில் திரும்பி வரும் பித்த உப்புக்களை உள்ளே இழுத்துக்கொள்வதற்காகக் கல்லீரல் செல்லின் மேல் ஒரு வாயில் இருக்கிறது. அவ்வாயிலையே வைரஸ் பற்றிக்கொண்டு நுழைகிறது. கொலஸ்டிராலிலிருந்து பிறக்கும் பித்த உப்பு நடக்கும் வழியில், அதற்குரிய கதவைத் திறந்துகொண்டு பகைவன் வருகிறான் என்று சொல்லலாம். ஹெபடைடிஸ் சி வைரஸோ இன்னும் தந்திரமானது. அது கல்லீரலின் கொழுப்புப் பொதிகளோடு தானும் ஒட்டிக்கொண்டு இரத்தத்தில் மாறுவேஷத்தில் உலாவுகிறது. அதனால் சிரோசிஸ் வருமுன்னரே அந்நோயாளிகளில் பலருக்குக் கொலஸ்டிரால் தாழ்ந்திருக்கும். மருந்தினால் வைரஸ் ஒழிந்ததும் மீண்டும் ஏறும். அந்த ஏற்றத்தைக் கண்டு பயப்படுபவர்களும் உண்டு.

இனி, கொழுப்புக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம். கல்லீரலைச் சத்துக்களின் களஞ்சியம் என்று அறிந்தவர் பலர். அது உடலின் சுங்கச்சாவடியும் ஆகும் என்பதை அறிந்தவர் சிலரே. அதற்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து நேரே வருகிறது. குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றில் சிலவும், செத்த பாக்டீரியாக்களின் தோலிலுள்ள நச்சும் அவ்விரத்தத்தில் கலந்து வருவது இயல்பு. 1876-ல் ஜெர்மானியரான குப்பர் கண்டுரைத்ததால் அவர் பெயராலேயே வழங்கும் விழுங்கும் செல்கள் கல்லீரலின் சந்து பொந்துகளில் காவல் நின்று, வருவதையெல்லாம் பிடித்து விழுங்கிவிடுகின்றன. உடலெங்குமுள்ள இத்தகைய காவற் செல்களில் பெரும்பான்மை கல்லீரலிலேயே இருக்கின்றன. கிருமியின் மேல் ஒட்டி அதைக் காட்டிக் கொடுக்கும் காம்ப்ளிமெண்ட் என்ற புரதங்களையும் கல்லீரலே பெரும்பாலும் செய்கிறது.

ஈரல் தழும்பேறிய பின் நடப்பது என்ன? இரத்தம் அதனுள் புக முடியாமல் பக்க வழிகளில் சுற்றிப் போகிறது. சுங்கச்சாவடியைத் தாண்டிக் கள்ளச்சரக்கு ஊருக்குள் வருவதைப் போலக் குடற்கிருமியும் நச்சும் உடல் முழுதும் பரவுகின்றன. குடலின் சுவரும் கசிவு காண்கிறது. காட்டிக் கொடுக்கும் புரதமும் குறைகிறது. வீங்கிய மண்ணீரல் வெள்ளணுக்களையும் தட்டணுக்களையும் சிறைப்படுத்திக் கொள்கிறது. இந்த இக்கட்டில்தான் எச்.டி.எல்.லின் அருமை தெரிகிறது. இதயத்தைக் காக்கும் 'நல்ல கொலஸ்டிரால்' என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் அப்பொதிக்கு வேறொரு தொழிலும் உண்டு. பாக்டீரியாவின் தோல் நச்சைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு, அது வெள்ளணுக்களை வெறிகொள்ளச் செய்யாதபடி அடக்கி வைப்பதே அது. நச்சு மிகுந்து வரும் அதே சமயத்தில் அதை அடக்கும் பொதி குறைந்து போகிறது. சிரோசிஸ் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து நச்சைச் சேர்த்தால், வெள்ளணுக்கள் அளவுக்கு மீறிச் சீறுவதையும், எச்.டி.எல்.லை வெளியிலிருந்து சேர்த்தால் அச்சீற்றம் தணிவதையும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர்.

எந்நேரமும் சீறிக்கொண்டேயிருக்கும் காவற்காரன் கடைசியில் களைத்து விழுவான். முற்றிய ஈரல் நோயின் விசித்திரம் இதுதான்: உடல் முழுதும் அழற்சி எரிந்துகொண்டிருக்கிறது, அதே உடலில் உண்மையான கிருமி நுழையும்போது எதிர்க்க ஆளில்லை. 2005-ல் ஜெர்மனியில் செய்த ஆராய்ச்சியொன்று, திடீரென்று மோசமடைந்த சிரோசிஸ் நோயாளிகளின் மானோசைட் அணுக்களை, இரத்தம் நஞ்சேறிச் சாகும் தறுவாயிலுள்ளவர்களின் அணுக்களோடு ஒப்பிட்டது. இரண்டும் ஒரே விதமாக மரத்துப் போயிருந்தன. கிருமியின் துணுக்கை எடுத்து மற்ற அணுக்களுக்குக் காட்டும் ஆற்றலை அவை இழந்திருந்தன. ஹெபடைடிஸ் பி-யில் இதற்கும் மேலாக ஒரு கஷ்டம் உண்டு. அவ்வைரஸ் வெறும் மேலுறைகளை எண்ணிறந்த அளவில் செய்து இரத்தத்தில் இறைக்கிறது. பொய்ப் படையை நோக்கி அம்பெய்தே டி செல்கள் என்னும் வீரர்கள் பல்லாண்டுகளில் ஓய்ந்து போகின்றனர்.

இதனால் விளையும் ஒரு நடைமுறை உண்மையை வீட்டார் மனத்தில் கொள்ள வேண்டும். இந்நோயாளிகளுக்குக் கிருமி தாக்கினால் காய்ச்சல் வருமென்று காத்திருக்கலாகாது. காய்ச்சல் வராமலும் போகலாம். வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஏறுமென்றும் எதிர்பார்க்கலாகாது. மண்ணீரல் அவற்றைப் பிடித்து வைத்திருப்பதால், ஏறிய எண்ணும் சாதாரண எண் போலவே தோன்றும். நேற்றுத் தெளிவாகப் பேசியவர் இன்று பகலில் உறங்குகிறார், இரவில் பிதற்றுகிறார், சிறுநீர் குறைந்துவிட்டது, வயிறு லேசாக வலிக்கிறது என்றால், அதுவே போதிய அறிகுறி. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கே வயிற்று நீரில் சிறிது எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோபில் என்ற வெள்ளணு 250-க்குக் குறையாமல் இருந்தால் நீரில் கிருமி புகுந்துவிட்டதென்று முடிவு செய்து, தாமதமின்றி ஊசி மருந்து தொடங்குவார்கள். வயிற்றில் ஊசி குத்தினால் உயிர் போய்விடும் என்ற பயத்தால் இதற்கு இணங்காதவர்கள் இருக்கிறார்கள். குத்தாமல் காலம் கடத்துவதே உயிருக்கு ஆபத்து.

கொழுப்புக் குறைவே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நாம் சொல்வதாக வாசகர்கள் கொள்ளக்கூடாது. ஒரே ஈரல் கெடுவதால் கொழுப்பும் குறைகிறது, எதிர்ப்பும் குறைகிறது. அவற்றுள் ஒன்று மற்றொன்றை மேலும் கெடுக்கிறது என்பதே இதுவரை தெளிவானது. கொழுப்பை ஊசியில் ஏற்றிவிட்டால் நோய் தீருமென்று எவரும் நிரூபிக்கவில்லை. எதிர்ப்பைத் தூண்டும் மருந்தின் கதையும் அப்படியே. டில்லியில் வெள்ளணுக்களைப் பெருக்கும் ஜி.சி.எஸ்.எப். என்ற மருந்தை 47 நோயாளிகளிடம் பரீட்சித்து 2012-ல் வெளியிட்டார்கள். அறுபது நாளில் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு எழுபது பேரும், பெறாதவர்களில் இருபத்தொன்பது பேரும் உயிரோடிருந்தனர். இச்செய்தி பெரும் நம்பிக்கையை ஊட்டிற்று. பின்னர் ஜெர்மனியில் 176 நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது பயன் யாதும் தென்படவில்லை. கொலஸ்டிராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மருந்தை ரிபாக்சிமின் என்னும் குடல் மருந்தோடு சேர்த்து ஐரோப்பாவில் பரீட்சித்த முடிவு 2025-ல் வந்தது; அதிலும் முற்றிய நோயாளிகளுக்கு நன்மை காணவில்லை. விஞ்ஞானம் இவ்வாறு ஏறியும் சறுக்கியும் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சறுக்காமல் நின்ற மருந்தும் இருக்கிறது. அது வைரஸின் பெருக்கத்தை அடக்கும் மாத்திரை. தைவான் வைத்தியர் லியா யுன்-பான் தலைமையில் லாமிவுடின் மருந்தை, ஈரல் பெரிதும் தழும்பேறிய 651 பேரிடம் சோதித்து 2004-ல் வெளியிட்டனர். நோய் மோசமானவர்கள், வெறும் மாத்திரை பெற்றோரில் நூற்றுக்கு 17.7, மருந்து பெற்றோரில் 7.8. இப்போது அதனினும் சிறந்த டெனோபோவிர், என்டெகாவிர் என்பவை வந்திருக்கின்றன. டில்லி கோவிந்த வல்லப பந்த் ஆஸ்பத்திரியில், வைரஸ் திடீரெனப் பொங்கி ஈரல் செயலற்றுப் போன 27 பேரைக் கொண்டு நடத்திய பரீட்சை 2011-ல் வெளிவந்தது. டெனோபோவிர் பெற்ற 14 பேரில் எட்டுப் பேர் மூன்று மாதம் கடந்து பிழைத்தனர். பெறாத 13 பேரில் இருவரே பிழைத்தனர். எண்ணிக்கை சிறிதாயினும் வித்தியாசம் பெரிது. வைரஸ் அடங்கி ஈரல் சிறிது மூச்சு விட்டால், ஆல்புமினும் கொலஸ்டிராலும் மெல்ல ஏறத் தொடங்கும். அவ்வேற்றம் வரவேற்கத்தக்கது. உடம்பு தேறிவிட்டதென்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவோர், அடங்கிய வைரஸ் மீண்டும் பொங்குவதற்கு வழி செய்கிறார்கள்.

இனி, நம் வீடுகளில் நடக்கும் பத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. காமாலை என்று கேட்டவுடன் எண்ணெய், நெய், பருப்பு, முட்டை, மீன் யாவற்றையும் நிறுத்தி, மோரும் கஞ்சியும் இளநீரும் மாத்திரம் கொடுப்பது தமிழ்நாட்டில் அனேக குடும்பங்களில் அசையாத வழக்கம். சில நாளில் தானே தீரும் சாதாரணக் காமாலையில் இதனால் பெருங்கெடுதி நேராமலிருக்கலாம். முற்றிய ஈரல் நோயாளிக்கோ இது பட்டினித் தண்டனை. நல்ல ஈரல், இரவு முழுவதும் உண்ணாதிருக்கும் நேரத்துக்காகச் சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கெட்ட ஈரலுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. 1983-ல் ஓவன் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் காட்டியபடி, சிரோசிஸ் நோயாளி ஓரிரவு உண்ணாதிருப்பது, நல்ல உடம்புள்ளவர் மூன்று நாள் பட்டினி கிடப்பதற்கு ஒப்பாகும். சர்க்கரை தீர்ந்ததும் உடல் தன் சதையையே தின்னத் தொடங்குகிறது. தோளும் தொடையும் வற்றி, வயிறு மட்டும் பெருத்து நிற்கும் அந்தத் தோற்றத்தை நோயின் கொடுமை என்றே எண்ணியிருக்கிறோம். அதில் பாதி பத்தியத்தின் கொடுமை.

புரதம் கொடுத்தால் புத்தி மயங்கும் என்ற பழைய பயமும் இப்போது நீங்கிவிட்டது. பார்சலோனாவில் 2004-ல் நடந்த பரீட்சையில், புத்தித் தடுமாற்றம் கண்ட நோயாளிகளுக்கே வழக்கமான அளவு புரதம் கொடுத்தும் தீமை விளையவில்லை. எடைக்கு ஏற்ப, கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டுமென்பதே இன்று வைத்தியர்களின் பொது அபிப்பிராயம். பருப்பு, தயிர், பயறு, முட்டை, மீன் எல்லாம் அதற்கு உதவும். எண்ணெயையும் அடியோடு விலக்க வேண்டியதில்லை. மூன்று பெரிய வேளைக்குப் பதிலாகச் சிறிது சிறிதாக ஐந்தாறு முறை உண்பதும், படுக்குமுன் ஒரு கிண்ணம் சத்துள்ள ஆகாரம் கொள்வதும் மிக நன்று. வயிற்றில் நீர் கோத்தவருக்கு உப்பைக் குறைப்பது மட்டும் மெய்யாகவே தேவையான பத்தியம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் விலக வேண்டும். மதுவை ஒரு துளியும் தொடலாகாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நாட்டு மருந்தைக் குறித்துக் கேள்வி எழுமாகையால், கீழாநெல்லியைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். காமாலைக்கு அதை அரைத்துப் பாலிலோ மோரிலோ கொடுப்பது நமது தொன்மையான வழக்கம். அதை விஞ்ஞான முறையில் ஆராய முன்வந்ததும் சென்னையே. டாக்டர் தியாகராஜன் முதலியோர் வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு உலர்ந்த கீழாநெல்லியை முப்பது நாள் கொடுத்துப் பார்த்தனர். 1988-ல் லண்டன் லான்செட் பத்திரிகை அதன் முடிவை வெளியிட்டது. மருந்துண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறை இரத்தத்தில் மறைந்ததென்றும், பொய் மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்ததென்றும் அது தெரிவித்தது. இவ்வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க் அவ்வாராய்ச்சியில் பங்குகொண்டவர். நமக்குப் பெருமை தரும் முயற்சி அது. ஆனால் தாய்லாந்து முதலிய இடங்களில் திருப்பிச் செய்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. பல பரீட்சைகளையும் ஒருங்கே வைத்து 2011-ல் நிறுத்துப் பார்த்தவர்களும் போதிய ஆதாரமில்லை என்றே முடித்தனர். சுதேசி மருந்து என்பதனால் சோதனையில் தளர்ச்சி காட்டுவது சுதேசியத்துக்குச் செய்யும் மரியாதையன்று. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லியை நம்பி, நினைவு தப்பிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வருவோரைப் பற்றி ஈரல் வைத்தியர்கள் சொல்லும் செய்திகள் மனத்தை வருத்துகின்றன.

இத்துணைத் துன்பமும் பெரும்பாலும் ஓர் ஊசியால் தடுக்கக்கூடியது என்பதுதான் நம்மை மிகவும் உறுத்துகிறது. வளர்ந்தவருக்கு இவ்வைரஸ் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் தாமே அதைத் துரத்திவிடுகின்றனர். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளிலோ நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. நாற்பதாவது வயதில் மகோதரத்தோடு வரும் மனிதர், பலவேளைகளில், பிறந்த அன்றோ குழந்தைப் பருவத்திலோ அதைப் பெற்றவர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 2022-ல் உலகத்தில் 25 கோடியே 40 லட்சம் பேர் ஹெபடைடிஸ் பி-யைச் சுமந்திருந்தனர். அவர்களில் இந்தியர் 2 கோடியே 98 லட்சம். இவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு நோயிருப்பதையே அறியார்.

தைவான் தேசம் 1984 ஜூலையில் குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கிற்று. டைபே நகரத்துச் சிறுவர்களில் வைரஸ் சுமந்தவர்கள் அவ்வாண்டில் நூற்றுக்கு 9.8, பத்தாண்டு கழித்து 1.3. சிறுவர்களுக்கு வரும் ஈரல் புற்றுநோயும் பாதியளவுக்குக் குறைந்தது. நாமோ 2002-ல் சில இடங்களில் பரீட்சையாகத் தொடங்கி, தேசமெங்கும் விரிவுபடுத்த 2011 வரை எடுத்துக்கொண்டோம். ஊசி மருந்து கிடைக்கவில்லை என்ற சமாதானமும் பொருந்தாது. ஹைதராபாத்தில் வரப்பிரசாத ரெட்டி நிறுவிய சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-லேயே இந்தியாவில் செய்த ஊசி மருந்தை வெளியிட்டு, அந்நிய மருந்தின் விலையை இறங்க வைத்தது. சரக்கு இங்கேயே உண்டாகியும், அதைப் பிரஜைகளிடம் கொண்டு சேர்க்கப் பதினான்கு ஆண்டு சென்றதை என்னவென்பது! அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளைகள் இன்று வாலிபர்களாயிருக்கிறார்கள். அவர்களைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டியது சர்க்காரின் கடமை.

முதல் ஊசி, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். ஆறாவது வாரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், தாயிடமிருந்து வரும் வைரஸ் அதற்குள் ஈரலில் குடியேறிவிடும். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நடந்தன. குழந்தையும் தாதியும் மருந்தும் ஒரே கூரையின் கீழிருக்கும்போது, ஒரு குழந்தைக்கேனும் அந்த ஊசி தவறிப் போவதற்கு நியாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை விடுமுறை, மருந்துப் பெட்டியின் சாவி வைத்திருப்பவர் வரவில்லை என்ற காரணங்களை வைரஸ் ஏற்றுக்கொள்ளாது. கர்ப்பிணிகள் யாவரையும் பரிசோதித்து, வைரஸ் மிகுதியாயுள்ள தாய்க்குக் கர்ப்பத்தின் 28-வது வாரம் முதல் டெனோபோவிர் கொடுப்பதும், அவள் குழந்தைக்கு ஊசியோடு எதிர்ப்புப் புரதமும் செலுத்துவதும் இன்று உலகம் ஒப்பிய முறைகள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

2018 ஜூலை 28-ல், பிளம்பர்க் பிறந்த தினத்தில், இந்திய சர்க்கார் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் திட்டத்தின்கீழ்ப் பரிசோதனையும் மாத்திரையும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இனாமாகக் கிடைக்கின்றன. வீட்டில் ஒருவருக்கு இந்நோய் கண்டால், அவருடைய தாய், உடன்பிறந்தார், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் அனைவரும் இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். தொற்று உள்ளவர் வைத்தியரைக் காண வேண்டும். இல்லாதவர் இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று என மூன்று ஊசிகள் போட்டுக்கொள்ள வேண்டும். நோயாளியோடு ஒரே பந்தியில் உண்பதாலும், அவரைத் தொட்டுத் தூக்குவதாலும் இது பரவுவதில்லை. அவருடைய சவரக்கத்தியையும் பல் துலக்கும் பிரஷையும் மட்டும் பிறர் எடுக்கலாகாது. தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கி வைத்து, ஏற்கெனவே மெலிந்திருப்பவரை மனமும் மெலியச் செய்யும் வழக்கத்தை வீட்டார் இன்றே விட்டுவிடலாம்.